தகரம் அடித்த வாசலிலிருந்து

மாநகரத்தின் நோய்த்தடுப்புத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். 2020இல் தையல் வேலை படுத்துக்கொண்டபோது, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுக்கும் தற்காலிக வேலையில் மூன்று மாதம் இருந்தேன். ஆகவே கதவுக்கு வெளியே நின்று தட்டியதும் உண்டு, உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்குப் பயந்ததும் உண்டு.

சென்ற மாதம் எங்கள் பக்கத்தில் காசநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துவதற்கு முன் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். பேச வந்தவர் நல்ல மனிதர்தான், குரலில் அக்கறை இருந்தது. ஆனால் பேச்சுவாக்கில், "இந்த ஏரியாவுல விழிப்புணர்வு கம்மி. மாத்திரை கொடுத்தாலும் பாதியில விட்டுடறாங்க. இன்னும் வேப்பிலையைக் கட்டிக்கிட்டு இருக்கற ஜனங்க" என்று சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் எப்போதும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வரும். அதனால்தான் அங்கே எழுந்து சொல்ல வேண்டியதை இப்போது மடலாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி. அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேர மட்டும் போட்றாத" என்றார். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். நான்கு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பழைய செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். "அட்டையோடவே வெச்சுக்கோக்கா, காத்துப் பட்டா கெட்டுடும்" என்றேன். "அட்டையப் பாத்தா கண்டுபுடிச்சுருவாங்கடி" என்றார். காலி அட்டைகளை எங்கள் தெருக் குப்பைத்தொட்டியில் போடுவதில்லை. கூடையின் அடியில் வைத்துக் கொண்டுபோய் மீன் மார்க்கெட் குப்பையில் போட்டுவிட்டு வருகிறார்.

இன்னொன்று. இந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் வளவில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். அக்கா ஒவ்வொரு முறையும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருகிறார். லாரித் தண்ணீர் வரும் வளவில் இரண்டு குடத்தின் மதிப்பு என்ன என்று உங்கள் விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்தில் இருக்காது.

வீட்டிலிருந்து எட்டு நிமிஷம் நடந்தால் ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே போக மாட்டேன் என்கிறார். அங்கே வேலை செய்பவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரியும், எங்கள் தெருவுக்கு அவர்களைத் தெரியும். இரண்டு பஸ் மாறி வேறொரு பகுதியில் மாத்திரை வாங்குகிறார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் காசு போகவில்லை. காலை நேரத்தில்தான் கொடுக்கிறார்கள் என்பதால் வியாபாரம்தான் போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை வஞ்சிரம் நிறைய விழுந்தது, அக்கா மாத்திரைக்குப் போகவில்லை. உங்கள் கணக்கில் அன்றைக்கு அவர் "தவறவிட்டவர்".

இவ்வளவு ஒளிவு மறைவு எதற்கு? காசநோயைப் பற்றித் தெரியாமலா? இருமும்போது வாயைப் பொத்த வேண்டும் என்றும், மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பரவுவது நன்றாகக் குறைந்துவிடும் என்றும், நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம் என்றும் அக்கா என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். விழிப்புணர்வு தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவர் பயப்படுவது தகரத்துக்கு.

2020 மே, ஜூன் மாதங்களை நினைத்துப் பாருங்கள். மண்டலவாரியாகத் தொற்றுக் கணக்கு வரும். ராயபுரம் மண்டலம் எப்போதும் முதலில் நிற்கும், பரீட்சை ரேங்க் மாதிரி. நகரத்துக்கே நாங்கள்தான் நோயைத் தயாரித்துக் கொடுக்கிறோம் என்பதுபோல ஒரு பார்வை. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வீட்டு வேலைக்குப் போன பெண்களை அடுக்குமாடி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அப்போது நான் கையில் தெர்மல் ஸ்கேனரும், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரும், ஒரு நோட்டுமாகக் காலை முதல் படியேறிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வூட்டுக்காரருக்கு ரெண்டு நாளா காய்ச்சல். உன்னாண்டதான் சொல்றேன்" என்றார். நான் நோட்டில் எழுதினேன். எழுதத்தானே சம்பளம்? மறுநாள் பரிசோதனை, அதற்கடுத்த நாள் முடிவு, சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ். சாயங்காலம் இரண்டு பேர் சவுக்குக் கட்டையும் தகரமுமாக வந்து வளவின் வாசலைக் குறுக்கே அடைத்து ஆணி அடித்தார்கள். உள்ளே ஆறு குடித்தனம். பால் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே எக்கிக் கொடுத்தோம். பக்கத்துத் தெருப் பையன்கள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். படத்தில் அக்காவின் மீன்கூடை வாசலிலேயே கவிழ்ந்து கிடக்கிறது, தெளிவாகத் தெரியும். வீட்டுக்காரர் பிழைத்து வந்துவிட்டார். வியாபாரம் பிழைக்க எட்டு மாதம் ஆயிற்று.

என்மீது அக்கா கத்தவில்லை. ஒரே ஒரு தடவை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "நீதானே எழுதிக்கினு போன" என்றார். அவ்வளவுதான்.

கணக்கெடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் எத்தனை பேர் மூச்சுத் திணறி வீட்டிலேயே போயிருப்பார்களோ. ஆக்சிமீட்டரில் 82 காட்டிய ஒரு தாத்தாவை நானே ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் நோட்டில் எழுதிய பிறகு அந்த வரி எங்கே போகும், யார் கையில் கிடைக்கும், அதைப் பார்த்துவிட்டு யார் வாசலுக்கு வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை நான் அவர்களுக்கு எப்படிச் சொல்ல முடியும்?

இதில் நீங்கள் மறந்துபோகும் இன்னொரு விஷயம் உண்டு. 2020 பிப்ரவரி 14ஆம் தேதி இரவு எங்கள் வண்ணாரப்பேட்டையில் என்ன நடந்தது? குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. அதற்கப்புறம் பெண்கள் தெருவிலேயே பந்தல் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். மார்ச் நடுவில் கொரோனாவுக்காகத்தான் கலைந்தார்கள். குடியுரிமைக் கணக்கெடுப்பு வந்துவிடும் என்ற பயத்தில் அந்த ஒரு மாதமும் பந்தலில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது என்ன? "கணக்கெடுக்க யார் வந்தாலும் பேர், வயசு, ஊர் எதையும் சொல்லாதீர்கள்." அந்தப் பேச்சின் ஈரம் காய்வதற்குள் நாங்கள் நோட்டோடு போய்க் கதவைத் தட்டி, "வீட்ல எத்தன பேர்? பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க, வெளியூர் போனீங்களா?" என்று கேட்டோம். அதற்குள், டெல்லியில் நடந்த முஸ்லிம் மாநாட்டுக்குப் போனவர்கள்தான் கொரோனாவைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு வேறு ஊர் முழுக்க. கறிகாய்க்காரர்கூடப் பெயர் கேட்டுவிட்டு வியாபாரம் செய்த காலம் அது.

ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவர் கதவைச் சங்கிலியோடு திறந்து, கைகளை மட்டும் வெளியே நீட்டினார், ஆக்சிமீட்டரை மாட்டிக்கொள்ள. "வெரல வேணா பாத்துக்க. பேர் கேக்காதம்மா" என்றார். எங்கள் நோட்டில் மதம் என்று கட்டம் கிடையாது. ஆனால் பெயரே ஒரு கட்டம்தானே. நான் அந்த வரியில் "பெரியம்மா, ஆக்சிஜன் 97" என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். அந்தப் பெரியம்மா அடுத்த நாளிலிருந்து தினமும் கதவைத் திறந்தார், நான்காம் நாள் சங்கிலியைக் கழற்றினார், பத்தாம் நாள் பேத்திக்குச் சளி இருக்கிறது, பார் என்று அவரே கூப்பிட்டார். அந்த மூன்று மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும்.

இனி வேப்பிலைக்கு வருகிறேன். சிரித்தீர்களே, அதற்கு.

எங்கள் ஆயா பெரியம்மை பார்த்தவள். முகமெல்லாம் தழும்பு. அவளுக்கு அது நோய் இல்லை, "தாய் போட்டிருக்கு", "அம்மா வந்திருக்கா". கொப்புளம் என்று சொல்லக் கூடாது, முத்து. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியாயிற்று என்றால் வெளியாள் அந்தப் படியை மிதிக்க மாட்டான். வீட்டில் தாளிப்பு இல்லை, கறிமீன் இல்லை, சத்தம் இல்லை. படுத்திருப்பவருக்குத் தனிப் பாய், தனிப் பாத்திரம், இளநீர், மோர், கூழ். முத்து உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான். அக்கம்பக்கத்தார் கூழ்ச் சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே இருப்பவளை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

தனிமைப்படுத்தல், தனிப் பாத்திரம், பார்வையாளர் தடை எல்லாம் அதிலும் இருக்கிறது. ஆனால் அந்த வாசலைப் பார்ப்பவன் கும்பிட்டான். தகரம் அடித்த வாசலைப் பார்த்தவன் படம் பிடித்தான்.

வேப்பிலையைத் தூக்கிப் பிடிப்பதாக நினைக்காதீர்கள். ஆயாவின் மூத்த பிள்ளை வேப்பிலைக்கு நடுவில்தான் செத்தது. இன்றைக்கும் பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால், தண்ணீர் ஊற்றும்வரை டாக்டரிடம் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. என் சித்தி மகன் அப்படித்தான் நுரையீரலில் சளி கட்டி, ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பெரியம்மையை ஒழித்த கதையில் எங்கள் அம்மனுக்கும் பங்கு உண்டு.

தடுப்பூசி போடுவதற்குத் தமிழில் என்ன பேர் வைத்தார்கள் பாருங்கள்: அம்மை குத்துவது. அம்மையைத் தடுப்பது என்றுகூட இல்லை. அம்மாவைக் கொஞ்சமாக வரவழைத்துக்கொள்வது. ஆயா பாஷையில், "அவளே வந்து கைல ஒரு முத்து வெச்சிட்டுப் போயிட்டா, அப்பறம் வரமாட்டா." இடது கையில் சட்டை ஓரத்துக்குக் கீழே இரண்டு காசளவு தழும்பு, அதை வளையல் காட்டுவதுபோலக் காட்டுவாள். மருத்துவத்தை அவள் ஏற்றுக்கொண்டாள், சாமியை விட்டுவிடவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே கையில் இடம் இருந்தது.

இதையெல்லாம் இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் கவனித்துவிட்டான். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், திருக்குறளை மொழிபெயர்த்தாரே அவர்தான், மாட்டம்மைப் பாலிலிருந்து வரும் இந்த மருந்து தேவியே அருளியது என்று சொல்லும் ஒரு புராணக் கதையைத் தானே எழுதினார், சனங்கள் நம்பிக் குத்திக்கொள்ளட்டும் என்று. கெட்டிக்காரத்தனம்தான், எனக்கு அதில் பாதிதான் பிடிக்கிறது. ஜனங்களின் பாஷையில் பேச வேண்டும் என்று தோன்றியதே, அது பிடிக்கிறது. பொய்யாக ஒரு புராணம் கட்டினால்தான் இவர்களுக்கு ஏறும் என்று நினைத்தது பிடிக்கவில்லை. அதே காலத்தில் ஊசி மருந்தைக் கைக்குக் கை மாற்றினார்கள், ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்து நீரை அடுத்த குழந்தைக்கு. எந்தச் சாதிக் குழந்தையின் நீர் நம் குழந்தைக்கு என்று மேல்சாதி வீடுகள் முகம் சுளித்தன. அதையும் மூடநம்பிக்கை என்று சொல்லலாம், ஆனால் யாருடைய மூடநம்பிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் தொடங்கியதே இந்த அம்மைப் பாலுக்காகத்தான். இந்தியாவில் 1975க்குப் பிறகு பெரியம்மை இல்லை.

ஊசிக்குத் தயங்குவது படிக்காத ஜனங்களின் வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், மூதறிஞர். அவரை யாரும் விழிப்புணர்வு முகாமுக்குக் கூப்பிடவில்லை. அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1968இல் எங்களுக்கு வடமேற்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், லட்சக்கணக்கான பேரை வைத்துத் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றுதான் காட்டியது. பச்சைக் குழந்தைகளை மூளைக் காசநோய் மாதிரிக் கொடியவற்றிலிருந்து அது காப்பாற்றுகிறது, அதனால் இன்றைக்கும் போடுகிறோம், போட வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. பெரிய மனிதர் சந்தேகப்பட்டால் விவாதம், அதே சந்தேகம் எங்கள் வளவில் வந்தால் அறியாமை.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார், ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று நல்லெண்ணத்தில். மறுநாள் மாரடைப்பு, அதற்கடுத்த நாள் இறந்துவிட்டார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் குழு சொன்னதற்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவில் அவர் பேச்சுத்தான். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த தெரு. "அவருக்கே இப்டி ஆச்சுன்னா" என்று தொடங்கினால் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அது அறியாமையா, துக்கமா? எங்கள் தெருவில் கடைசியில் ஊசி போட வைத்தது பிரசுரங்கள் இல்லை. மீன் ஏலக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நர்ஸம்மா, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் கேள்விக்கும் பதில் சொன்னார். சில கேள்விக்கு, "அது எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த நாள் கேட்டு வந்து சொன்னார்.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் நோயைக் கண்டு மிரள்வதற்கு வடக்கு தெற்கு கிடையாது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் மருத்துவரைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்கவிடவில்லை. அண்ணாநகர்ப் பக்கம் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும். சக டாக்டர் ஒருவர் இரவில் திரும்பிப் போய் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். அதற்குப் பிறகுதான் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. அந்தப் பகுதிக்கு யாரும் "விழிப்புணர்வு குறைந்த ஏரியா" என்று பேர் வைக்கவில்லை.

கோடம்பாக்கத்திலும் தகரம் அடித்தார்கள், அடையாறிலும் அடித்தார்கள் என்பீர்கள். சரி. ஆனால் தனி வீட்டு கேட்டில் அடித்த தகரமும் ஆறு குடித்தன வளவில் அடித்த தகரமும் ஒன்றா? 1897இல் பம்பாய் பிளேக்குக்காக ஒரு சட்டம் போட்டார்கள். அதிகாரி நல்லெண்ணத்தில் செய்த எதற்கும் வழக்குப் போட முடியாது என்று அதில் ஒரு பிரிவு. அந்த வருஷமே புனேயில் வீடுவீடாகப் புகுந்து சோதித்த கெடுபிடியில் ஆத்திரம் மூண்டு, பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டே விட்டார்கள். 2020இல் நாடு முழுக்கத் தூசு தட்டி எடுத்தது அதே சட்டத்தைத்தான்.

இதே சென்னைதான் உலகத்துக்கு நேர்மாறான பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை, குடும்பத்தைவிட்டுப் பிரிவு. நம் ஊர் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் நெருக்கடியான வீட்டிலுமாக வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு எல்லாம் கிடைத்தும், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் மனிதரைப் பிரித்து வைக்கத் தேவையில்லை என்று உலகம் இந்த ஊரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. அப்படிப்பட்ட ஊரில்தான் என் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எங்கள் பெரியவர்கள் வைத்திருந்த பேர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. முதலில் கஞ்சி, அப்புறம்தான் மருந்து. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்ததை 2024 நவம்பரிலிருந்து ஆயிரமாக்கினார்கள். நல்ல காரியம். அக்காவுக்கு முதல் மூன்று மாதம் அது வரவில்லை, வங்கிக் கணக்கில் ஏதோ பெயர் எழுத்து மாறியிருக்கிறதாம். மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று ஒரு வாரம் விட்டதும் அந்த மூன்று மாதத்துக்குள்தான். எழுத்தைத் திருத்திவிட்டாலே அந்த ஒரு வாரம் விட்டுப்போயிருக்காது.

நுரையீரலைப் பற்றிப் பேச வருகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், மணலியில் ஆலைகள், கொடுங்கையூரில் ஊர்க் குப்பை மலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். இந்தக் காற்றை எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, "புகை பிடிக்காதீர், சத்தாகச் சாப்பிடுவீர்" என்று பிரசுரம் கொடுத்தால், வாங்கிக்கொள்வோம், மீன் மடிக்க உதவும். கொரோனாவில் கைதட்டி முன்களப் பணியாளர் என்று சொன்ன துப்புரவுப் பெண்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததற்காக. நள்ளிரவில் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். அவர்களில் பலர் எங்கள் தெருக்காரர்கள். அடுத்த தொற்று வரும்போது, "அரசாங்கம் சொல்றத நம்புங்க" என்று அவர்கள் வீட்டில் போய் யார் சொல்வது? என்னை அனுப்பாதீர்கள்.

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. முகாமுக்கு ஆட்டோவில் மைக் கட்டி, "இந்தத் தெருவில் காசநோய்ப் பரிசோதனை" என்று கூவாதீர்கள். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் கூட்டத்தோடு சேர்த்துச் சளியையும் எக்ஸ்ரேவையும் பாருங்கள், யார் எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாமல் போகட்டும். வீடுவீடாக அனுப்பும் பெண்களை மூன்று மாதக் கூலிக்கு எடுத்து அப்புறம் கழற்றிவிடாதீர்கள். நாலு வருஷம் ஒரே தெருவில் நடப்பவளிடம்தான் சங்கிலி கழறும். எழுதிக்கொண்டு போகிற ஒவ்வொரு வரியும் எங்கே போகும் என்று எழுதுபவளுக்கும் சொல்லிவிடுங்கள், எழுதப்படுபவருக்கும் சொல்லிவிடுங்கள். இனி எந்த நோய் வந்தாலும் வாசலில் எதையும் அடிக்காதீர்கள், ஒட்டாதீர்கள். அடைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அடைத்தவரே தினமும் படியில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தகரம் எங்கே என்று கேட்டால், எங்கள் தெருமுனை இட்லிக் கடைக்குக் கூரையாக இருக்கிறது. ஆணி அடித்த ஓட்டைகள் வழியாக மழை ஒழுகும். அக்கா அங்கே இட்லி வாங்க மாட்டார்.

நடந்தே போகக்கூடிய அந்த நிலையத்தில், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வாரம் ஒரு நாள், வேறு ஏதோ மாத்திரை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு வர ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். இப்போதைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மீன்கூடையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர் பஸ் ஏறிப் போய் வருகிறார். இன்னும் ஒன்பது வாரத்து மாத்திரை பாக்கி இருக்கிறது. நேரத்தை மாற்றுவதாக இருந்தால் அதற்குள் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
அன்றைக்கு எழுதிக்கொண்டு போனவள்,
பழைய வண்ணாரப்பேட்டை